சொல்தா தாத்தாவின் நினைவு மலர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற ஐப்பசியில் எங்கள் தாத்தா தமது 92ஆம் வயதில் காலமானார். 1950இல், பதினெட்டு வயதில், பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவிலும் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அல்ஜீரியாவிலும் பணியாற்றி, பதினைந்து ஆண்டுகள் கழித்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் படைவீரர். பக்கவாதத்தால் பாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்பது ஆண்டுகளும், வேறு யாரையும் விடாமல் அவரே பாட்டிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார். முதலாண்டு நினைவு மலருக்கு என்னை எழுதச் சொல்கிறார்கள். போரைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. 'வெள்ளைக்காரனுக்காகத் துப்பாக்கி தூக்கியவர்தானே' என்று உறவினர் ஒருவர் துக்க வீட்டிலேயே சொன்னது இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறது. எதை எழுதுவது, எதை விடுவது?

வில்லியனூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறவினர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு முகம் கொடுக்காமல் எழுதப்படும் எந்த நினைவுக் குறிப்பும் பாதியாகவே நிற்கும். இந்தோசீனப் போர் ஒரு மக்கள் தங்கள் மண்ணுக்காக நடத்திய போர். அதில் உங்கள் தாத்தா நின்றது அந்த மண்ணை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் பக்கம். இதை மறைக்க வேண்டாம். ஆனால் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஒரு பையனுக்கு 1950இல் பிரான்ஸ் அயல்நாடு அன்று. அவன் பிறப்புச் சான்றிதழே அந்த அரசு கொடுத்ததுதான். படையில் சேர்ந்தால் மாதம் தவறாமல் பணம் வரும், தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகும் என்று எண்ணிக் கப்பலேறிய பிள்ளைகள் இந்த ஊரின் பல தெருக்களில் இருந்தார்கள். அவர்களைக் கூலிப்படை என்பது வரலாற்றுக்கும் பொருந்தாது, அந்த வீடுகளின் அடுப்புக்கும் பொருந்தாது.

அவர்கள் அங்கே இருந்தபோது இங்கே நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 1954 மே 7ஆம் தேதி வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தளமான தியன் பியன் பூ வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரியை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. எந்தக் கொடியின் கீழ் அந்தப் பையன் போனானோ, அது அவன் ஊரிலேயே இறங்கிவிட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் நடந்தது; பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பிய ஊர்க்காரர்கள் ஆறு மாதங்களுக்குள் அதை எழுதித் தெரிவிக்க வேண்டியிருந்தது. அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி பிரெஞ்சுக் குடிமகன் என்று ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பங்களை நானே அறிவேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் அடுத்த வீட்டிலும் ஒரு சொல்தா இருந்தார். ஆண்டுதோறும் ஜூலை 13ஆம் தேதி மாலையில் தகரப் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் விபூதியைத் தொட்டுத் தம் பதக்கங்களைத் துலக்குவார். துணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பிரெஞ்சு தேசிய நாளான மறுநாள் காலை கடற்கரைச் சாலையில், 1938இல் எழுப்பப்பட்ட போர் நினைவுச் சின்னத்தின் முன் அவற்றை அணிந்து நிற்பார். சிறுவனுக்கே உரிய ஆர்வத்தில் ஒருமுறை, "சண்டை எப்படி இருந்தது மாமா?" என்று கேட்டேன். நெடுநேரம் துலக்கிக்கொண்டே இருந்தவர், "அங்கேயும் நாத்து நடுறாங்க தம்பி, நம்ம பாகூர் மாதிரியே. முழங்கால் சேத்துல பொம்பளைங்க குனிஞ்சிருப்பாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு எதிராகத் தாம் அனுப்பப்பட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று, ஐம்பது வருடம் கழித்து இப்போது உறுதியாக நம்புகிறேன். உங்கள் தாத்தாவின் மௌனத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. நீங்களும் ஊகித்து எழுத வேண்டாம். பேசவில்லை என்பதையே எழுதுங்கள். அவர் வாயில் வீரவசனம் எதையும் வைத்துவிடாதீர்கள்.

மலரின் பெரும்பகுதியை அந்த ஒன்பது ஆண்டுகளுக்குக் கொடுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். எந்த நேரத்தில் வாருவார், பாட்டியை எப்படிச் சாய்த்து உட்கார வைப்பார், தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் வைப்பாரா, ஒற்றைப் பின்னலா இரட்டைப் பின்னலா, பின்னத் தெரியாத மனிதர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவிடமும் அத்தைமாரிடமும் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி அப்போது பேச முடிந்தவரா? முடிந்திருந்தால் என்ன சொல்வார்? பதினைந்து ஆண்டுப் படை வாழ்வுக்கு ஒரு பக்கம் போதும். இதற்கு ஐந்து பக்கம் ஆனாலும் குறைக்காதீர்கள். அவரே தேர்ந்தெடுத்து, அவரே விடாமல் செய்த பணி இதுதான் என்பது என் எண்ணம்.

படைப்பிரிவு, போன இடங்கள் ஆகியவற்றைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவற்றை நம்பி அச்சேற்ற வேண்டாம். அவருடைய பழைய ராணுவத் தாள்களிலோ ஓய்வூதியக் காகிதங்களிலோ படை எண் இருக்கும். தென்மேற்கு பிரான்சில் 'போ' என்னும் நகரில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு அந்த எண், பிறந்த தேதி, இறப்புச் சான்றிதழ், உறவுமுறைச் சான்று ஆகியவற்றோடு எழுதிக் கேளுங்கள். பிரெஞ்சில் கடிதம் எழுத ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். பதில் வர மாதங்கள் ஆகலாம். ஐப்பசிக்குள் வந்து சேரவில்லையென்றால், நீங்கள் உறுதியாக அறிந்த ஆண்டுகளையும் நாடுகளையும் மட்டும் அச்சிட்டுவிட்டு, மற்றதைப் பிறகு வீட்டுப் பிரதியில் கையால் எழுதிச் சேருங்கள்.