வாடகையை ஏற்றும்போது குடியிருப்பவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

‘இவர்கள் எல்லாம் பயந்தாங்கொள்ளிகளா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு முதல் உயர்வு இப்போதுதான் வந்திருக்கும். ‘பேசாமல் கொடுத்துவிடு’ என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள்.

ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. என் வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது விதி எனக்கு மனப்பாடம்: ஆண்டுக்கு 5 சதவீதம், அதையும் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்காரர் வந்தார். குளியலறைச் சுவரின் ஈரக்கறையை விரலால் அழுத்திப் பார்த்து, ‘இன்னும் காயவில்லையா?’ என்றார், நானே நனைத்து வைத்ததுபோல. என் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டே, ‘அடுத்த மாதத்திலிருந்து 20 சதவீதம் கூட்டிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. வெளியே என்ன போகிறது என்று உங்களுக்கே தெரியும்’ என்றார். ‘சரி சார்’ என்றேன். படிக்கட்டு விளக்கு எரியாது. அதை மாற்றித் தர வேண்டியவரும் அவர்தான். கைப்பேசி வெளிச்சம் காட்டி அவரைப் பத்திரமாக இறக்கிவிட்டேன்.

விதி தெரியாமல் இல்லை. முன்பணம் அவர் கையில். மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. வீடு மாறினால் தரகு, வண்டிச் செலவு, புது முன்பணம். கூட்டிப் பார்த்தால் அவர் ஏற்றியதே மலிவு. இந்தக் கணக்கை அவரும் போட்டிருப்பார்.

எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கீழ்வீட்டு அம்மாள் 5 சதவீதம் மட்டுமே கூட்டிக் கொடுக்கிறார் என்று. ‘மிச்சம் வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள்’ என்றாராம். வீட்டுக்காரர் எழுதவே இல்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். ‘நீங்கள் கேட்கவில்லையே’ என்றார். ஒருவரோடு ஒருவர் பேசிச் சேர்ந்து நின்றவர்களும் உண்டு. 1915இல், முதல் உலகப் போரின் நடுவே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஏற்றிய வாடகையைத் தர மறுத்த பெண்கள், காலி செய்ய வைக்க நீதிமன்ற அமீனா வந்தால் மணியடித்துக் கூடி, மாவை வீசி விரட்டினார்கள். அவர்களில் ஒருவரான மேரி பார்பர் முன்னின்றார். சுமார் 20,000 குடித்தனங்கள் சேர்ந்தன. அந்த ஆண்டே பிரிட்டனில் சட்டம் வந்து வாடகை போருக்கு முந்தைய அளவில் நின்றது. எங்கள் கட்டடத்தில் நான்கே வீடுகள். பக்கத்து வீட்டு வாடகை எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது.

உடனே ‘உரிமையாளருக்குச் செலவு இல்லையா?’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் அத்தையும் வீட்டை வாடகைக்கு விட்டவர்தான். ஐந்துக்குக் கையெழுத்திட்டுவிட்டு இருபது கேட்பதைத்தான் சொல்கிறேன். கையெழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது: ஆண்டுதோறும் சம்பள உயர்வு என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தந்த என் நிறுவனம் மூன்று ஆண்டாக ஒரு பைசா ஏற்றவில்லை. ஊரார் ஒப்பந்தத்தில் காற்புள்ளி தேடுகிறவனுக்கு இந்தக் கதி. அங்கேயும் ‘சரி சார்’தான்.

நீங்கள் கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடாதீர்கள். காலி செய்யச் சொல்ல உங்கள் வீட்டுக்காரருக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஒப்பந்தப்படியான தொகையை வழக்கமான தேதியில் வங்கி வழியாகக் கட்டுங்கள். மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள். கூட்டியதைக் கட்டிக்கொண்டே இருந்தால் சம்மதம் என்று சொல்ல இடமாகிவிடும். நான் பன்னிரண்டு மாதம் கட்டினேன்.

மறு ஆண்டு என் வீட்டுக்காரர் வந்தபோது, ‘எழுதிக் கொடுங்கள் சார்’ என்றேன். குரல் நடுங்கியது. சற்று நேரம் சுவரையே பார்த்தவர், ‘இந்த ஈரத்துக்கு ஆள் அனுப்புகிறேன்’ என்று சொல்லிப் போனார். கடிதம் வரவில்லை. ஆளும் வரவில்லை.