கடை வாசலை மறித்துக் காசு கேட்டால் மனுவில் என்ன எழுதுவது?

கேள்வி: சேலம் சின்னக்கடை வீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் நாலு பேர் கடைப்படியில் நின்றுகொண்டு, உள்ளே வரும் பெண்களின் கையைப் பிடித்துக் காசு கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் வசவு. ‘பிச்சைக்காரர் தொல்லை’ என்று ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். வந்து விரட்டினார்கள். மறுநாளே திரும்ப வந்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கோளாறு உங்கள் மனுவின் தலைப்பில் இருக்கிறது.

பிச்சையைத் தடுக்க நம் மாநிலத்தில் 1945ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் பிச்சை எடுப்பது வறுமையால் வரும் பிரச்சினை, மேட்டுக்குடிப் பார்வையில் அதைப் பார்க்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கை நீட்டுவதை மட்டும் புகாராக எழுதினால் விரட்டுவதோடு முடிந்துவிடும். எனக்கும் அதில் வருத்தமில்லை.

ஆள் யார் என்பதை விடுங்கள், நடந்ததை எழுதுங்கள். ‘இன்ன தேதி மாலை 6.40க்குப் படியின் குறுக்கே நின்று, வாடிக்கையாளரை உள்ளே போகவிடாமல் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்’ என்று எழுதினால், அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 126(2): ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது வழியை அடைத்தால் பிரிவு 285, அபராதம் 5,000 வரை. ‘கடையை உடைப்பேன்’ என்று மிரட்டிக் காசு பிடுங்கினால் கதையே வேறு. அது பணப்பறிப்பு, பிரிவு 308, ஏழு ஆண்டு வரை சிறை.

கேமரா பதிவை அழிந்துபோகும் முன் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நகராதீர்கள். அந்த நேரத்திலேயே தகராறு என்றால் 112. கூட்டத்தில் குழந்தை இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுங்கள். குழந்தையைப் பிச்சைக்கு விடுகிறவருக்கு இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. குழந்தை மேல் வழக்கு வராது.

எதிரே கூடை வைத்துப் பூ விற்கும் அம்மாவையும் இதே மனுவில் சேர்த்துவிடாதீர்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்த முடியாது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் அனுப்பிய போட்டோவில் உங்கள் வளையல் ஸ்டாண்டும் இரண்டு பொம்மை மூட்டைகளும் படியைத் தாண்டி நடைபாதையில் நிற்கின்றன. பிரிவு 285 தன் பொருளால் வழியை அடைப்பவருக்கும் பொருந்தும். எஸ்.ஐ. பார்க்க வருவதற்குள் அவற்றை உள்ளே இழுத்துவிடுங்கள்.