டல்லாஸ் தீர்ப்பைக் காட்டி மிரட்டினால் நம்பாதீர்கள்

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சாஸ் இர்விங்கில் இருக்கிறேன். கன்சல்டன்சி மூலமாக ஒரு வங்கியில் வேலை. இப்போது வங்கியே என்னை நேரடியாக எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் விலகினால் 2 வருடம் அதே கிளையன்டிடம் சேரக் கூடாது, 18 மாதத்துக்குள் போனால் 15,000 டாலர் கட்ட வேண்டும் என்று கன்சல்டன்சி எழுதி வாங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட நிபந்தனைகளை அரசு தடை செய்ததாகப் படித்திருந்தேன். கேட்டால், "கோர்ட்டே எங்கள் பக்கம் தீர்ப்பு சொல்லிவிட்டது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. உங்கள் ஒப்பந்தம் செல்லும் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூடக் கிடையாது.

நடந்தது இதுதான். 2024 ஏப்ரல் 23 அன்று ஃபெடரல் டிரேட் கமிஷன் (வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அரசு அமைப்பு), விலகியபின் இன்ன இடத்தில் சேரக் கூடாது என்கிற "நான்-கம்பீட்" நிபந்தனைகளுக்கு நாடு முழுக்கத் தடை விதி போட்டது. ஓட்டு 3-2, எதிர்த்த இருவரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். அன்றைக்கே டல்லாஸில் ஒரு வரி ஆலோசனை நிறுவனம் வழக்குப் போட்டது. ஆகஸ்ட் 20 அன்று நீதிபதி ஏடா பிரவுன் அந்த விதியை நாடு முழுவதற்கும் ரத்து செய்தார். இப்படி ஒரு விதி போடக் கமிஷனுக்கு அதிகாரமே இல்லை, ஒட்டுமொத்தத் தடைக்குப் போதிய ஆதாரமும் காட்டவில்லை என்பது அவர் சொன்ன காரணம். 2025 செப்டம்பரில் கமிஷனே மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஆக, தடை போய்விட்டது. நிலைமை பழைய மாநிலச் சட்டத்துக்குத் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். பிரவுனின் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, கமிஷனின் அதிகாரத்தைச் சொல்லும் அதே சட்டப் பிரிவைப் படித்த பிலடெல்பியா நீதிபதி கெல்லி ஹாட்ஜ், கமிஷனுக்கு அதிகாரம் உண்டு என்றார். பெட்ரோல் பங்கில் ஆக்டேன் எண்ணை ஒட்ட வேண்டும் என்ற விதி பற்றிய வழக்கில், 1973-லேயே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லியிருந்தது. பிரவுனை நியமித்தவர் ட்ரம்ப், ஹாட்ஜை நியமித்தவர் பைடன். எந்த ஊரில் வழக்குப் போடுவது என்று வக்கீல்கள் யோசிப்பதே இதை வைத்துத்தான். ஒரு கட்சி மட்டும் செய்கிற வேலையும் இல்லை இது. 2017-ல் ட்ரம்பின் பயணத் தடையை எதிர்த்தவர்கள் ஹவாய்க்குப் போனார்கள். 2024 ஜூன் 28-க்குப் பிறகு இது இன்னும் மோசம். சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசுத் துறையின் விளக்கத்தை நீதிமன்றம் மதித்து ஏற்கும் 40 வருட நடைமுறையை அன்று உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. பெரும்பான்மை ஆறு பேரும் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். கோடிக்கணக்கான தொழிலாளர்களைத் தொடும் விதி ஒரே ஒரு ஜில்லா நீதிபதியின் கையில் தொங்குவதை நீதி பரிபாலனம் என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். டெக்சாஸில் இப்படிப்பட்ட நிபந்தனை செல்ல வேண்டுமானால் காலம், இடம், வேலையின் வகை மூன்றும் நியாயமான அளவுக்குள் இருக்க வேண்டும். நிறுவனம் பாதுகாக்க வேண்டிய ரகசியமோ வாடிக்கையாளர் உறவோ நிஜமாகவே இருக்க வேண்டும். மிகையாக இருந்தால் நீதிபதி வெட்டிச் சுருக்கலாம். கலிபோர்னியாவில் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

15,000 டாலர் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். எச்-1பி ஊழியர் முன்கூட்டியே விலகியதற்காக அபராதம் வாங்குவது ஃபெடரல் விதிப்படி தவறு. இதை எந்த டல்லாஸ் தீர்ப்பும் தொடவில்லை. ஆனால் விலகியதால் உண்டான நியாயமான நஷ்டத்தை முன்கூட்டி மதிப்பிட்டு எழுதியிருந்தால், மாநிலச் சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு அதை வாங்கலாம். கன்சல்டன்சிகள் நுழைவது இந்தச் சந்து வழியாகத்தான். "அபராதம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பயிற்சிச் செலவு" என்று போடுவார்கள். என்ன பயிற்சி, எந்தத் தேதியில், பில் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். எச்-1பி மனுவோடு கட்டும் 750 அல்லது 1,500 டாலர் பயிற்சிக் கட்டணத்தை எந்தப் பெயரிலும் உங்களிடம் வாங்கக் கூடாது. சம்பளத்தில் பிடித்தால், 12 மாதத்துக்குள் தொழிலாளர் துறைக்கு டபிள்யூஎச்-4 படிவத்தில் புகார் கொடுக்கலாம்.

அப்புறம் இந்த "ரிலீவிங் லெட்டர்" வியாபாரம். லெட்டர் இல்லாமல் விசா மாற்ற முடியாது, நான் பேசி முடித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் போனை வைத்துவிடுங்கள். இங்கே மாற்றத்துக்குப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் தேவையில்லை. சமீபத்திய பே ஸ்டப்கள் (சம்பளச் சீட்டுகள்)தான் முக்கியம். "சமரசம்" என்று நீட்டும் புதுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். பழைய ஒப்பந்தத்தில் இல்லாத ஒப்புதலை அதில்தான் வாங்குவார்கள்.

முதலில் வங்கியின் எச்.ஆரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கன்சல்டன்சியோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் ஆளை நேரடியாக எடுக்கத் தடை இருக்கிறதா? பல நேரம் உண்மையான முட்டுக்கட்டை அதுதான், அதை வங்கிதான் பேசித் தீர்க்க வேண்டும். அதன்பின் ஒப்பந்தத்தை டெக்சாஸில் பதிவு பெற்ற தொழிலாளர் சட்ட வக்கீலிடம் காட்டுங்கள். விசா வக்கீல் போதாது. அதிலும் கன்சல்டன்சி ஏற்பாடு செய்துகொடுக்கும் வக்கீலிடம் போகவே வேண்டாம்.