ஜெர்மனியில் பெண்களுக்குச் சம உரிமை 1918-லேயே கிடைத்துவிட்டதா?

1918 நவம்பரில் கிடைத்தது வாக்குரிமை. சம உரிமைக்கு இன்னும் நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1919 ஜனவரித் தேர்தலில் 37 பெண்கள் தேசியப் பேரவைக்குத் தேர்வானார்கள். பிப்ரவரி 19 அன்று வைமார் நகரில் அவர்களில் ஒருவரான மாரி யூஹாச் எழுந்து "கனவான்களே, பெண்மணிகளே" என்று தொடங்கியதும் சிரிப்பு எழுந்தது. அவைக்குறிப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. அவர் அசரவில்லை. வாக்குரிமைக்காகப் பெண்கள் அரசுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, நியாயமில்லாமல் பிடித்து வைத்திருந்ததைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

ஆனால் அதே ஆண்டின் அரசியல் சட்டத்தில் ஒரு சொல்லை நுழைத்துவிட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் 'குருண்ட்செட்ஸ்லிஷ்' ஒரே குடியுரிமைகளும் கடமைகளும் உண்டாம். 'கொள்கையளவில்' என்று பொருள். ஜெர்மானியர் ஒருவர் இந்தச் சொல்லோடு சரி என்றால் பின்னாலேயே ஒரு 'ஆனால்' வரும் என்று எங்கள் மொழி வகுப்பு ஆசிரியை எச்சரிப்பார். 'கொள்கையளவில் ஒப்புதல்' என்று செய்தித்தாளில் படித்தால் நமக்கு என்ன தோன்றுமோ, அதேதான்.

அந்த ஓட்டையை அடைத்தவர் காசெல் நகர வழக்கறிஞர் எலிசபெத் செல்பர்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு அரசியல் சட்டம் எழுத பான் நகரில் கூடிய 65 பேரில் நால்வர்தான் பெண்கள். "ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்" என்று எந்த ஒட்டும் இல்லாமல் எழுதச் சொன்னார் செல்பர்ட். அப்படி எழுதினால் குடும்பச் சட்டம் முழுவதும் செல்லாமல் போய்விடுமே என்று சொந்தக் கட்சிக்காரர்களே தயங்கினார்கள். போகட்டும் என்பதற்காகத்தானே அவர் கேட்டதே! 1948 டிசம்பரில் குழு அதைத் தள்ளியது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தொழிற்சங்கப் பெண்கள், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் என்று பலரும் எழுதிய கண்டனக் கடிதங்கள் துணிக்கூடை கணக்கில் பானுக்கு வந்து குவிந்தன என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1949 ஜனவரி 18 அன்று அதே குழு ஏற்றுக்கொண்டது. அந்த வாக்கியம்தான் இன்றும் 3-ஆம் பிரிவில் இருக்கிறது. அதை எழுத வைத்தவருக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம் கூடக் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த வாக்கியத்துக்கு முரணான சட்டங்களைத் திருத்த 1953 மார்ச் 31 வரை கெடு. நாடாளுமன்றம் கெடுவைத் தவறவிட்டது. 1958-இல் வந்த திருத்தமும், குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத வரையில்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்றது. 1977 வரை அதுதான் சட்டம்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாள் 1974-இல் திருமணம் ஆனவர். மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். மனைவியின் வேலை பற்றிய அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "நல்லவேளை, சமையல் முடிந்ததா என்று யாரும் வந்து பார்க்கவில்லை" என்றார்.