சிறிய கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தால் காலம் வீணாகுமா?

அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை, பக்கத்து நகரத்துச் சிறிய கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுத்தால் வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படிப் போனவள்தான். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போவேன். கடைவீட்டு மாடியில் கல்லூரி, கீழே டயர் கடை. வகுப்பில் ஒன்பது பேர்.

2008 மார்ச் தேர்தலில், 1974 முதல் எங்கள் தொகுதியை வைத்திருந்த அமைச்சர் சாமிவேலு, எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். அந்தச் சூடு ஆறுவதற்குள் சேர்ந்துவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "இதைப் படித்துவிட்டு ஒய்.பி. ஆகப் போகிறாயா?" சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை அப்படித்தான் அழைப்போம். எனக்கு அப்போது ஓட்டுகூடக் கிடையாது, 21 வயது ஆகவேண்டும். 18 என்று ஆனது 2021 டிசம்பரில்தான்.

முதல் வாரமே ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போவீர்கள் என்று மூன்று பேரைக் கேட்டு எழுதி வர வேண்டும். இதுவா அரசியல் என்று சிரித்தேன். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே இருந்த பாட்டி, "கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) சொல்வோம், அவர் மானேஜரிடம் சொல்வார்" என்றார். தோட்டம் தனியார் நிலம். நகராண்மைக் கழக லாரி உள்ளே வராது. தாமானில், அதாவது நகரக் குடியிருப்புப் பகுதியில் இருந்த அம்மா, கட்சிக் கிளைத் தலைவரின் பெயரைச் சொன்னார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும் நகராண்மைக் கழக உறுப்பினர் என்று சரியாகச் சொன்னார். அவர் யார் என்று கேட்டேன்; தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஊராட்சித் தேர்தல்களை 1965இல் இந்தோனேசிய மோதலைக் காட்டி நிறுத்திவைத்தார்கள், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தக் கதவையே மூடிவிட்டார்கள். உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான்.

2009 பிப்ரவரியில் பேராக் ஆட்சியே கவிழ்ந்தது. 59 இடங்களில் 31 வைத்திருந்த மக்கள் கூட்டணியிலிருந்து மூவர் விலகினார்கள். மாநில முதல்வரான மந்திரி புசார் பதவியில் அந்தக் கூட்டணியின் நிஜார் போய் எதிரணியின் ஜம்ரி வந்தார். சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லாமலே ஒருவர் பெரும்பான்மையை இழந்ததாகக் கொள்ளலாமா என்பதுதான் நிஜார் தொடுத்த வழக்கு. மே 7 அன்று சபாநாயகர் சிவகுமாரை அவையிலிருந்து வெளியே இழுத்துப் போனார்கள். மே 11இல் உயர் நீதிமன்றம் நிஜாரே மந்திரி புசார் என்றது, 22இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது, 2010 பிப்ரவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஜம்ரி பக்கம் முடித்துவைத்தது. விரிவுரையாளர் எழுதித் தந்த குறிப்பு அடுத்த வகுப்புக்குள் பழசாகிவிடும். வீட்டில் எல்லாரும் நிஜார் பக்கம்; வகுப்பில் என்னை ஜம்ரிக்காக வாதாடச் சொன்னார். ஒன்பது பேரில் எங்கே போய் ஒளிவது? மந்திரி புசாரின் நியமனத்தையும் பெரும்பான்மை இழப்பையும் பற்றிய மாநில அரசியலமைப்பின் 16ஆம் பிரிவை அன்றிரவு உட்கார்ந்து உருப்போட்டேன்.

குறையும் உண்டு. நூலகம் என்பது இரண்டு அலமாரி, அதிலும் பாதி கணக்கியல். புத்தகத்துக்கு ஈப்போவின் துன் ராசாக் பொது நூலகத்துக்கு நடப்பேன். ஒரு பருவத்தில் ஏழு வாரம் பாடம் நடத்த ஆளே இல்லை. கட்டணம் மட்டும் ஒரு காசு குறையவில்லை. பெயரைப் பார்த்து வேலை தரும் இடங்களில் அந்தக் கல்லூரியின் பெயர் எனக்கு உதவவில்லை. இன்று தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறேன். கூடப் படித்தவர்களில் இருவர் ஆசிரியர்கள், ஒருவர் காப்புறுதி விற்கிறார்.

சேருமுன் ஒன்றைப் பாருங்கள். "எங்களுக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறது" என்று கவுண்டரில் சொல்வார்கள். எம்.கியூ.ஏ. என்பது உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பு. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. அரசியல் அறிவியலுக்கு இருக்கிறதா என்று எம்.கியூ.ஏ. பதிவேட்டில் நீங்களே தேடுங்கள், இல்லையென்றால் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனும் கிடைக்காது. அதைக் கேட்டதும் கவுண்டரில் இருப்பவர் பேச்சை மாற்றினால், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுங்கள்.