ஹேண்டில்பாரில் புது ஸ்விட்ச் மாட்டும்போது ரிலே எதற்கு?
பைக்கில் கூடுதல் விளக்குக்காகத் தனியாக ஸ்விட்ச் வாங்கி மாட்டினால் ரிலேவும் போடச் சொல்கிறார்களே, ஏன்?

ரிலே என்பது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பெட்டி. 12 வோல்ட்டில் 55 வாட் விளக்கு இரண்டு எரிந்தால் சுமார் 9 ஆம்பியர் ஓடும். கட்டைவிரல் அளவு ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் மெல்லிய தகடு அதைப் பெரும்பாலும் தாங்காது. சூடேறிக் கருகும், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் இளகிவிடும். ரிலே இருந்தால் ஸ்விட்ச் வழியே கால் ஆம்பியர்கூடப் போகாது. மதகைத் திருப்புகிறவர் தண்ணீரைச் சுமப்பதில்லையே, அப்படித்தான். அப்புறம், மழைநீர் புகாத ஸ்விட்ச்சாகவே வாங்குங்கள். ஈரம் தகட்டை அரித்துவிடும்.

ஃபியூஸ் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபியூஸ் வயரைக் காக்கத்தான். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு 9 ஆம்பியர் சாதாரணம், ஸ்விட்ச் உருகினாலும் ஃபியூஸ் எரிந்துபோகாது.