கூப்பிட்டால் வந்து நிற்பவர்

கேள்வி: எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செலவுச் சீட்டை 'வவுச்சர்' என்கிறார்கள். என் மகனுக்கு அவனுடைய பேராசிரியர் கொடுத்த ஆங்கிலச் சான்றிதழில், அவனது நேர்மைக்குத் தாம் 'வவுச்' செய்வதாக எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே சொல்லா? பயிர்க்கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் இதுவும் ஒன்றுதானா?
– திருவாரூர் வாசகர்

பதில்: 'வவுச்', 'வவுச்சர்' இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. கூப்பிடுதலைக் குறிக்கும் லத்தீன் வேர் ஒன்று பழைய பிரெஞ்சு மொழிக்கு வந்து, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் அந்நாட்டு நீதிமன்றங்களில் வழங்கிய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தில் 'வவுச்' ஆயிற்று. (உதவிக்கு அழைக்கப்பட்டவர் என்னும் பொருளுடைய 'அட்வகேட்' என்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.)

கூப்பிடுவது உறுதியளிப்பதாக மாறிய கதை நில வழக்குகளில் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் ஒருவர் அனுபவித்துவரும் நிலத்தை மற்றொருவர் தமதென்று வழக்கிட்டால், அனுபவிப்பவர் தமக்கு அதைக் கொடுத்தவரையோ அவருடைய வாரிசையோ நீதிமன்றத்துக்கு அழைத்து, உரிமைக்கு அவரையே பதில் சொல்ல வைக்கலாம். வந்தவர் வழக்கைத் தாமே ஏற்று நடத்தித் தோற்றால், ஈடாக வேறு நிலம் கொடுக்கவும் கடமைப்பட்டிருந்தார். அவ்வாறு அழைப்பதுதான் 'வவுச்'. அழைத்தவரின் செயலைக் குறித்த வினை, காலப்போக்கில், வந்து நின்று பொறுப்பேற்றவரின் செயலைக் குறிப்பதாகத் திரும்பிவிட்டது; சொல் வரலாற்றில் இவ்வளவு அழகான திருப்பங்கள் அரிது.

நம் பக்கத்துக் கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. நன்செய் நிலத்தை விற்பவர், பின்னால் ஏதேனும் வில்லங்கம் எழுந்தால் தாமே முன்னின்று தம் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவதாக எழுதிக் கொடுக்கிறார் அல்லவா? அப்படி எழுதாவிட்டாலும், மாறான உடன்பாடு இல்லாதவரை, விற்கும் உரிமை தமக்கு உண்டென்று அவர் உறுதி கூறியதாகவே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கொள்கிறது.

'வவுச்சர்' என்பதும் முதலில் நீதிமன்றத்துக்கு அழைக்கும் அச்செயலின் பெயரே. பிறகு அது கணக்கை மெய்ப்பிக்கும் சீட்டுக்கு ஆகிவந்தது. தணிக்கையாளர் கேட்கும்போது செலவுக்குச் சாட்சி சொல்ல வருவது அந்தச் சீட்டுத்தானே.

ஜாமீன் வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஆகும். வாங்கியவர் கட்டத் தவறினால் கையெழுத்திட்டவர் கட்ட நேரிடும். உங்கள் மகனின் பேராசிரியர் அப்படிப்பட்ட பணப்பொறுப்பு எதையும் ஏற்கவில்லை. அவர் முன்வைத்திருப்பது மாணவனை நேரில் அறிந்த தம் அறிவையும், அதற்குத் துணையாகத் தம் நற்பெயரையும்தான். அதனாலேயே முன்பின் அறியாதவருக்கு, யார் சிபாரிசு செய்தாலும், இப்படி எழுதிக் கொடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

தமிழில் இத்தகைய சான்றிதழ் எழுத நேர்ந்தால் 'உத்தரவாதம் அளிக்கிறேன்' என்று எழுத வேண்டாம். அது ஜாமீன் போலப் படும். 'இவரை நேரில் அறிந்தவன் என்ற முறையில் இவரது நேர்மையை உறுதிபடக் கூறுகிறேன்' என்பது பேராசிரியர் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லும்.